மூடச் சொன்னார்கள், மூடினேன்

உங்கள் இத்தாலியப் பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் ரோமர் றோட்டுப் போடுகிற படம் ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். முன்னால் ஒருவர் தலைக்கவசமும் சிவப்புப் போர்வையுமாக நின்று கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய காலடியில் றோட்டைக் கேக் வெட்டியது போல வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். அடியில் பெருங்கல், அதற்கு மேல் சல்லி, அதற்கு மேல் சுண்ணாம்புக் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே பாவுகல். நாலு அடுக்குக்கும் நாலு நிறம். தூரத்தில், எறும்பு அளவில், சிலர் குனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு முகம் வரைய இடம் போதவில்லை. படத்துக்குக் கீழே, ‘ரோமர்கள் தங்கள் சாலைகளை இப்படித்தான் கட்டினார்கள்’ என்று போட்டிருக்கிறது. கையை நீட்டித்தான் கட்டினார்கள் போலிருக்கிறது.

நான் அந்த எறும்புப் பக்கத்து ஆள். பலெர்மோவில் சில வருடம் மற்றவர்களின் தரையைத் துடைத்தேன். பிறகு பென்ஷன் வரும்வரை ஊரின் தரையைத் தோண்டினேன். இலங்கையில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. அதனால் பெரிய வசனங்களை எதிர்பார்க்க வேண்டாம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் உங்களுக்குப் படிப்பிக்கிற டீச்சர் என் மகள். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அவள்தான் என்னைப் பிடித்தாள்.

“அப்பா, றோட்டுக் கதையை எழுதுங்கோ. சின்னப் பிள்ளையள் வாசிக்கிறது. நக்கலைக் குறைச்சு எழுதுங்கோ.”

“ஓம்” என்றேன். குவெஸ்தூராவில், வெளிநாட்டுக்காரருக்கு இருப்பு கார்ட் தருகிற அந்தப் பொலிஸ் கந்தோரில், கேட்கிற எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிப் பழகிய வாய்.

அவள் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. பெரிய ரயில் நிலையம் ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், பல்லரோ சந்தைப் பக்கம் போகிற அந்தத் தெருவை மறுபடியும் தோண்டப் போகிறார்களாம். கம்பி வேலி கொண்டுவந்து அடுக்கியாயிற்று. அதற்குள் என்ன கிடக்கிறது என்று தெரிந்த ஆட்கள் இப்போது மிகக் குறைவு. அவர்களில் ஒருவன் வீட்டில் சும்மா இருந்து தேத்தண்ணீர் குடிக்கிறான்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். கதையில் வருகிற இத்தாலியர்கள் என்னோடு இத்தாலியனில்தான் கதைத்தார்கள். அதை எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். ‘என்ன, இவர்கள் யாழ்ப்பாணத்திலா பிறந்தார்கள்’ என்று டீச்சரிடம் கேட்டு அவளைக் கரைச்சல்படுத்தாதீர்கள்.

நான் வந்த காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கிடைத்த வேலை ஒன்றுதான்: சீனியோராக்களின், அதாவது இத்தாலிய அம்மாக்களின், வீட்டு வேலை. நான் போன வீட்டுச் சீனியோரா நல்லவர். ஆனால் என் வேலையில் அவருக்கு ஒரு குறை இருந்தது. அந்த வீட்டில் பூப்போட்ட பழைய தரை ஓடுகள். இரண்டு ஓட்டுக்கு நடுவில் இருக்கிற இடுக்கையும் துடைக்காமல் அடுத்த ஓட்டுக்குப் போக எனக்கு மனம் வராது. நான் ஒரு அறையை முடிக்கும்போது மற்ற அறையில் தூசி பிடித்துவிடும்.

ஒருநாள் அவருடைய மச்சாள் முறையான ஒருவர் கோப்பி குடிக்க வந்தார். வெயிலில் கறுத்த, மெலிந்த பெண். சப்பாத்து முழுக்கப் புழுதி. எல்லோரும் அவரைத் ‘தொத்தொரெஸ்ஸா’ என்றார்கள். டாக்டர் அம்மா என்று அர்த்தம். எனக்கு அப்போது முழங்கால் நோவு. நல்ல சந்தர்ப்பம் என்று காற்சட்டையை மடித்துக் காட்டினேன். அவரும் மரியாதைக்குக் குனிந்து பார்த்தார்.

“தம்பி, நான் வேற டாக்டர். செத்து இரண்டாயிரம் வருசம் ஆனவைக்குத்தான் பாக்கிறனான்.”

சீனியோரா சிரித்துவிட்டு, “இவனும் கிட்டத்தட்ட அப்பிடித்தான். ஒரு ஓட்டுக்கு ஒரு காலமை” என்றார்.

“அவ்வளவு ஆறுதலாத் துடைப்பானோ?”

“அதைவிட.”

“அப்ப எனக்குத் தாங்கோ.”

ஒரு வீட்டில் வேலை போவதற்குக் காரணமாக இருந்த அதே குணத்துக்காக இன்னொரு இடத்தில் என்னை எடுத்தார்கள். என் பயிற்சி, படிப்பு, நேர்முகத் தேர்வு எல்லாம் அந்தக் கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டன.

நகரத்துக்கு நடுவில், மரங்கள் நிற்கிற ஒரு இடத்தில், பழைய ரோமர் வீட்டுத் தரை ஒன்றைத் தொத்தொரெஸ்ஸாவின் ஆட்கள் வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளத்துக்கு மேலே நடக்கப் பலகை போட்டிருக்கும். ஒருவர் போனால் மற்றவர் ஒதுங்கவேண்டும். வழி விடச் சொல்லும் சொல் ‘பெர்மெஸ்ஸோ’. இந்த நாட்டில் இருப்பதற்கு அரசாங்கம் தருகிற கார்டுக்கும் அதே பெயர்தான். எனக்குத் தெரிந்தது கார்ட் மட்டும். முதல்நாள் எனக்குப் பின்னால் ஒருவர் மண் வாளியோடு வந்து, “பெர்மெஸ்ஸோ” என்றார். நான் என் வாளியைக் கீழே வைத்து, உட்பையில் இருந்து கார்டை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் வாளியைச் சுமந்தபடியே அதை வாசித்தார்.

“படம் வடிவா வந்திருக்கு. இனித் தள்ளு.”

அவர்தான் ஆறுமுகம். மொரீசியஸ்காரர். அவருடைய பாட்டன் காலத்துக்கு முன்பே தமிழ், கப்பலில் இருந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. எஞ்சியது ‘வணக்கம்’, ‘அரோகரா’ என்ற இரண்டும்தான், அதனால் எங்களுக்குள்ளும் இத்தாலியன்தான். ஆனால் பெயர் முழுதாகத் தப்பியிருந்தது. அன்று தொடக்கம் பென்ஷன்வரை நாங்கள் இருவரும் ஒரே பள்ளத்தில் நின்றோம். பலெர்மோக்காரர் நெருங்கிய ஆளைக் ‘குச்சி’ என்பார்கள். நாங்கள் மச்சான் என்கிற மாதிரி. அவரும் என்னைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார். அப்போது என் உடம்புக்கும் அது பொருத்தம்.

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் அந்த இடத்துக்குத் தேவையில்லாத அர்த்தம்தான் எனக்கு முதலில் பிடிபடும். இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். பின்னுக்கு வரும்.

அந்தப் பள்ளத்தில் நான் கற்ற இரண்டாவது சொல் தொத்தொரெஸ்ஸாவின் ‘கோப்ரி’. மூடு என்று அர்த்தம். மழைக்காலம் வருவதற்கு முன்னால், வெளியே எடுத்த தரையைத் திரும்ப மூடிவிட்டுப் போவார்கள். நான் சோற்றுப் பானையை மூடுவது போல ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் மெல்லிய தூரிகையால் மண் துகள் போகத் தட்டவேண்டும். ஈரம் காயவேண்டும். அதற்கு மேல் வெள்ளைத் துணி. உடுக்கிற துணி இல்லை, கம்பளி மாதிரித் தடிப்பானது. தண்ணீரை விடும், மண்ணை விடாது. ஒரு துண்டின் கரைக்கு மேல் அடுத்த துண்டின் கரை ஒரு முழம் ஏறி இருக்கவேண்டும். ஓரத்தை உள்ளே மடித்து, மூலைக்கு மூலை கல் வைக்கவேண்டும். பிறகு அரிதட்டில் அரித்த ஆற்று மணல். கடல் மணல் கூடாது, உப்புக் கல்லைத் தின்றுவிடும். கடகத்தைத் தாழப் பிடித்து, பிள்ளைக்குத் தலையில் தண்ணீர் வார்ப்பது போல, மணலை மெதுவாக வார்க்கவேண்டும். மேலே நின்று கொட்டக்கூடாது. பிறகு கையால் தட்டிச் சமப்படுத்தி, அதற்கு மேல் மண்.

மணல் போடுவதற்கு முன்னால் துணியின் மேல் அந்த வருடத்து நாணயம் ஒன்றை வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“பின்னுக்குத் தோண்டுறவை, தாங்கள்தான் முதல் ஆக்கள் எண்டு நினைக்கக்கூடாது. எங்களுக்கு முதல் ஒருத்தர் பாத்திட்டார் எண்டு தெரியவேணும்.”

நல்ல மனிசி. ஒரு குறைதான். எதையும் ‘இது இன்னது’ என்று சொல்லவே மாட்டார். கண்ணுக்கு முன்னால் கிணறு இருந்தாலும், “கிணறாக இருக்கலாம்” என்பார். ஆறுமுகம் அதற்குள் கல்லைப் போட்டுத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவைத்தார். “தண்ணியாகவும் இருக்கலாம்” என்றார் தொத்தொரெஸ்ஸா.

சில வருடத்தில் அந்த வேலை முடிந்தது. ரோமர் வீட்டுத் தரைக்கு ஒரு கூரை கிடைத்தது. எங்களுக்கு, தெருக்களுக்குக் கீழே குழாய் தாட்கிற ஒரு கம்பனி கிடைத்தது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னாலும், அது இப்போது இன்னொரு பெயரில்தான் இருக்கும்.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் ஜெயோமெத்ரா. எஞ்சினியருக்குச் சற்றுக் கீழே, எங்களுக்கு மிக மேலே உள்ள பதவி. வெள்ளைத் தலைக்கவசம், அதில் புழுதி பட்டு நான் பார்த்ததில்லை. மினுக்கிய சேர்ட். பள்ளத்தின் கரையில் வந்து நின்று கையை நீட்டுவார். நீட்டிய பிறகு ஒரு சொல் சொல்வார். ஒன்றுதான். “தோண்டு.” “நிறுத்து.” “கழுவு.” யார், எங்கே, எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் பொறுப்பு. சொற்களை அவர் தன் வீட்டுக் காசில் வாங்குகிறாரோ என்று ஆறுமுகத்துக்கு ஒரு சந்தேகம்.

அவருடைய கோப்பி குடிக்கிற விதத்தையும் சொல்லவேண்டும். மூலைக் கடையில் இருந்து சின்னக் கோப்பையில் வரும். நின்றபடியே ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, வெறும் கோப்பையைப் பக்கவாட்டில் நீட்டுவார், திரும்பிப் பார்க்காமல். பிறகு விரலைத் திறந்துவிடுவார். அந்தக் கோப்பை ஒருநாளும் கீழே விழுந்ததில்லை. எங்களில் யாராவது அங்கே நிற்போம்.

இனி அந்தத் தெரு. ஒவ்வொரு மழைக்கும் அங்கே தண்ணீர் முழங்காலுக்கு நிற்கும். சந்தையில் இருந்து கத்தரிக்காய், தோடம்பழம், மீன்பெட்டி எல்லாம் மிதந்து ஸ்தாசியோனேக்குப் பயணம் போகும். அதனால் பெரிய குழாய் தாட்க எங்கள் கம்பனிக்கு வேலை வந்தது. தொடங்கிய அன்றே ஜெயோமெத்ரா எங்களைக் கூட்டி, வழக்கத்துக்கு மாறாக ஒரு முழு வசனம் பேசினார்.

“கீழ பழைய சாமான் ஏதும் வந்தால் வேலை நிக்கும், வேலை நிண்டால் நீங்கள் எல்லாரும் வீட்டை போறது.”

எனக்கு வீட்டுக்குப் போவது என்றால் ஸ்தாசியோனேக்குப் பக்கத்து வீடு இல்லை. அந்தக் காலம் எங்கள் பெர்மெஸ்ஸோ முடிகிற காலம். என்னுடையது, மனைவியுடையது, இரண்டு பிள்ளைகளுடையது, நாலும் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்கிய ஆணி என்னுடைய வேலை ஒப்பந்தம். ஒப்பந்தம் இல்லாதவனுக்குச் சட்டத்தில் வேறு வழி ஏதும் இருந்திருக்கலாம். எங்களுக்கு அதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. மனைவி தினமும் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு புத்திமதியும் கட்டித் தருவாள்.

“இஞ்சாருங்கோ, குவெஸ்தூராவுக்குப் போகுமட்டும் அந்த மனிசனோட ஒரு கதையும் வேண்டாம். அவர் என்ன சொன்னாலும் அதை அப்பிடியே செய்யுங்கோ.”

அப்படியேதான் செய்தேன்.

பள்ளம் ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தபோது நல்ல மழை ஒன்று அடித்தது. அடுத்த நாள் பம்பியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போனோம். தெரு முழுக்கக் குளம். எங்கள் பள்ளத்தில் ஒரு பகுதி மட்டும் காய்ந்து கிடந்தது.

ஆறுமுகம் எட்டிப் பார்த்தார். “குச்சி, கீழ் வீட்டுக்காரன் குடிச்சிட்டான்.”

இறங்கிச் சுரண்டினோம். கறுத்த பெரிய பாவுகற்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டி. மேலே வண்டிச் சில்லு ஓடி ஓடி விழுந்த இரண்டு தடம். நடு உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து போயிற்று. மழை விழுந்தால் நிற்காமல் ஓரத்துக்கு ஓட. ஓரத்தில் கல்லால் கட்டிய வாய்க்கால். ராத்திரி பெய்த மழையை அதுதான் கொண்டுபோயிருக்கிறது. எந்தக் காலத்திலோ கட்டிவிட்டுப் போனவர்களின் வாய்க்கால் வேலை செய்துகொண்டிருந்தது. எங்கள் காலத்து வாய்க்கால்தான் ஓய்வில் இருந்தது.

ஜெயோமெத்ரா வந்தார். பார்த்தார். தன் கைக்கடிகாரத்தையும் ஒருதடவை பார்த்தார். கையை நீட்டினார்.

“கோப்ரி.”

சொல்லிவிட்டு இன்னொரு வேலைத்தளத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் மூடினேன். தூரிகையால் தட்டினேன். கல் காயும்வரை பொறுத்தேன். குழாயைச் சுற்றிப் போடவென்று அதே வெள்ளைத் துணி சுருளாகக் கம்பனியிலேயே இருந்தது. வெட்டி, ஒரு முழம் ஏற்றிப் போட்டு, ஓரத்தை மடித்தேன். ஆறுமுகம் மூலைக்கு வைக்கக் கல் எடுத்துத் தந்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“குச்சி, அந்தாள் சொன்னது இந்த மூடுறதைத்தானோ?”

“வேற என்ன மூடுறது இருக்கு?”

“எனக்குத் தெரிஞ்சு, கொங்கிறீட்.”

“கொங்கிறீட் எண்டால் கொங்கிறீட் எண்டு சொல்லியிருப்பாரே.”

“அவருக்கு ஒரு சொல்லுக்கு மேல வராது.”

“அப்ப அந்த ஒரு சொல்லாக் கொங்கிறீட்டைச் சொல்லியிருக்கலாமே.”

ஆறுமுகம் யோசித்துப் பார்த்துவிட்டு, “அதுவும் சரிதான்” என்றார். மணல் அரிப்பதற்குள் பொழுதுபட்டுவிட்டது. துணியை மட்டும் இறுக்கி வைத்துவிட்டு, மணலைக் காலையில் போடலாம் என்று வீட்டுக்குப் போனோம்.

நான் வீரம் காட்டினேன் என்று இன்றைக்கும் கோயிலில் காண்கிற சிலர் சொல்கிறார்கள். ஒருதடவை சபையில் ஏற்றிப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அதுவும் ஓரம் மடிக்காமல். பிள்ளைகளே, வீரம் ஒன்றும் இல்லை. மறைப்பதற்கு இத்தாலியனில் வேறு சொல் இருக்கிறது. அதை அவர் சொல்லவில்லை. மூடச் சொன்னார். எனக்குத் தெரிந்த மூடல் ஒன்றுதான், அதையும் ஒரு டாக்டரிடம் படித்திருக்கிறேன்.

அடுத்த நாள் காலை கொங்கிறீட் லொறி தெரு முனையில் வந்து நின்றது. யார் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தொத்தொரெஸ்ஸா. இப்படிப்பட்ட பள்ளங்களை இடைக்கிடை வந்து பார்ப்பது அவருடைய வேலை. வழக்கமாக மேலே நின்று எட்டிப் பார்ப்பார், மண் தெரியும், போய்விடுவார். அன்றைக்கு மண் தெரியவில்லை. கல்யாண வீட்டுப் பந்தி விரித்தது போல வெள்ளைத் துணி, ஓரம் மடித்து, மூலைக்கு மூலை கல் வைத்து.

அவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே பள்ளத்துக்குள் இறங்கினார். மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஆர் மூடினது?”

“நான்தான் தொத்தொரெஸ்ஸா.”

“ஆர் மூடச் சொன்னது?”

“ஜெயோமெத்ரா.”

ஜெயோமெத்ரா அப்போதுதான் கோப்பிக் கோப்பையோடு கரைக்கு வந்தார். தொத்தொரெஸ்ஸா அண்ணாந்து அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

“ஜெயோமெத்ரா, நான் உங்களைப் பிழையா நினைச்சிருந்தன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிராவோ.”

பிராவோ என்றால் கெட்டிக்காரன் என்று அர்த்தம். அவருக்கு இரண்டு வழி இருந்தது. ‘நான் சொன்னது இந்த மூடலை இல்லை’ என்று விளங்கப்படுத்தலாம். அல்லது பிராவோவை வாங்கலாம். முதலாவதுக்கு ஒரு சொல் போதாது. அவர் தலையைக் குனிந்து பிராவோவை வாங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, தன் பங்குக்கு, “பிராவோ” என்றார்.

ஒரே சொல்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு இரண்டு அர்த்தமும் உடனே விளங்கியது.

கோப்பியை ஒரே மடக்காகக் குடித்தார். பக்கவாட்டில் கையை நீட்டி விரலைத் திறந்தார். நாங்கள் எல்லோரும் பள்ளத்துக்குள் நின்றோம். கோப்பை கீழே விழுந்து உடைந்தது.

மத்தியானத்துக்குள் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டார்கள். வேலை நின்றது. அறிவிக்கும்வரை வரவேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு நடக்கும்போது ஆறுமுகம் சொன்னார்:

“குச்சி, துணியைக் கொஞ்சம் ஊத்தையாவது ஆக்கி விட்டிருக்கலாம்.”

வீட்டில் வேறு மாதிரி. மனைவி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

“கல்லை மூடச் சொன்னால் மூடிப்போட்டு வரவேண்டியதுதானே. பாய் விரிச்சு, போர்த்து, படுக்கவைச்சிட்டு வரச் சொன்னவரோ?”

“நீதானே சொன்னனி, சொன்னதை அப்பிடியே செய்யுங்கோ எண்டு.”

“உங்களுக்கு ஒரு வேலையை அரைகுறையாச் செய்யத் தெரியாது. மற்ற வீட்டு மனிசருக்கு எவ்வளவு சுகமா வருது.”

பிறகு அவள் குசினியில் பிள்ளைகளின் கார்டுகளை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, திரும்பப் பெட்டியில் வைத்தாள். சிறிது நேரத்தில் மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். தேதி மாறவில்லை. டீச்சர் அப்போது இரண்டாம் வகுப்பு. மேசைக்குக் கீழே இருந்து, அந்தப் புத்தகத்து றோட்டுப் படத்தைப் பார்த்துக் கீறி, கையை நீட்டியவரின் போர்வைக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தாள்.

ரோமர் றோட்டுக்கு இந்த ஊரில் இருக்க ஒரு கார்டும் தேவையில்லை. அதைக் கண்ட அன்றே சுற்றிவரக் காவல் போட்டார்கள். நாலு உயிருள்ள ஆட்களுக்குத்தான் அந்த வசதி இல்லை. அந்த நாட்களில் எனக்கு அந்தக் கற்களில் சரியான பொறாமை.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. றோட்டு வந்தால் வேலை நிற்கும் என்பது உண்மை. ஆனால் நிற்பது இயந்திரத்தின் வேலை. இனிக் கையால்தான் தோண்டவேண்டும், அதுவும் ஆறுதலாக. அதற்குக் கம்பனிதான் ஆள் தரவேண்டும். எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று தொத்தொரெஸ்ஸாவைக் கேட்டிருக்கிறார்கள். ‘மூடினவனைக் கொண்டுவாங்கோ, அவனுக்கு உதவி செய்தவனையும்’ என்று சொல்லியிருக்கிறார். அவர் வாயில் இருந்து ‘இருக்கலாம்’ இல்லாமல் வந்த வசனம் அது ஒன்றுதான் என்று ஆறுமுகம் சொல்வார். ஒப்பந்தத்தை நீட்டினார்கள். கையெழுத்து வைத்தவர் ஜெயோமெத்ரா. அதில் வேறு சொல் எழுதத் தேவையிருக்கவில்லை.

குவெஸ்தூராவில் எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தோண்டுற வேலை எண்டிருக்கு. என்னத்தைத் தேடுறியள்?”

“றோட்டு.”

“பலெர்மோவிலை றோட்டைத் தேடுறியளோ? நாங்களும்தான் தேடுறம்.”

பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். என்னைத் திரும்பச் சொல்லச் சொல்லி இன்னொருமுறை சிரித்தார். முத்திரையைக் குத்தினார். மனைவி படி இறங்கும்வரை மூச்சு விடவில்லை. இறங்கியதும், “அந்த றோட்டுக்காரர் ஆர் எண்டாலும் நல்லா இருக்கட்டும்” என்றாள்.

இனி, பரீட்சைக்கு உதவாத விஷயம். புத்தகத்தில் நாலு அடுக்கு. நாங்கள் தோண்டிப் பார்த்ததில் இரண்டரைதான் இருந்தது. பாவுகல், அதற்குக் கீழே சுண்ணாம்பும் சல்லியும், அதற்குக் கீழே பெருங்கல் இருக்கவேண்டிய இடத்தில் உடைந்த ஓடும் சட்டித்துண்டும். தொத்தொரெஸ்ஸா, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் போடவில்லை, நிலத்தைப் பார்த்துப் போட்டிருக்கலாம், இருந்த பொருளைக் கொண்டு போட்டிருக்கலாம் என்று விளங்கப்படுத்தினார். ஆறுமுகம் காலமெல்லாம் கம்பனிகளில் வேலை செய்தவர். மிச்ச ஒன்றரை அடுக்கையும் ரோமர் காலத்துக் கொந்தராத்துக்காரர் தின்றுவிட்டார் என்பது அவருடைய முடிவு. தொத்தொரெஸ்ஸா ஒரு சட்டித்துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

“இருக்கலாம்” என்றார்.

பத்திரிகைக்காரர் வந்தார்கள். அடுத்த நாள் படம் வந்தது. முன்னால் ஜெயோமெத்ரா, வெள்ளைத் தலைக்கவசத்தோடு, றோட்டைப் பார்த்துக் கையை நீட்டியபடி. பாரம்பரியத்தைக் காத்தவர் என்று எழுதியிருந்தார்கள். பின்னால் தூரத்தில், எறும்பு அளவில், இரண்டு பேர் குனிந்து நிற்கிறார்கள். எனக்குத் தெரியும், இடது பக்கத்து எறும்பு நான்.

றோட்டுக்கு மேலே கண்ணாடி போட்டு, போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப் போவதாகப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கண்ணாடி தடிப்பு எவ்வளவு என்று பேசினார்கள். கண்ணாடியை யார் துடைப்பது என்று பேசினார்கள். அதைக் கேட்டதும் நான் ஆறுமுகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பேசிப் பேசி, கடைசியில் ஒருநாள் தொத்தொரெஸ்ஸா வந்தார். எங்கள் முகத்தைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“கோப்ரி.”

“எந்தக் கோப்ரி?” என்று கேட்டார் ஆறுமுகம்.

“உங்கட கோப்ரி.”

முதல்நாள் நான் செய்த அதே வேலையைத் திரும்பச் செய்தேன். தூரிகை, துணி, ஒரு முழம், மடிப்பு, கல். இந்தத் தடவை மணலும். வாய்க்காலுக்குள்ளும் துணி போட்டு, மணலை நிரப்பி, கையால் தட்டினேன். அந்தத் தெருவில் மழைத் தண்ணீருக்கு இருந்த ஒரே வழியும் முறைப்படி அடைபட்டது. புதுக் குழாயை மற்றப் பக்கத்தால் வளைத்துக் கொண்டுபோனார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்பதை மழை பெய்த அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற உங்கள் சப்பாத்தைக் கேளுங்கள்.

மணல் போடுவதற்கு முன்னால் தொத்தொரெஸ்ஸா தன் பையில் நாணயத்தைத் தேடினார். ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு வைப்போம் என்றார். நானும் ஆறுமுகமும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வேலைத்தளத்தில் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை எங்களிடம் இருந்தது. படமும் பெயரும் போட்டது. வேலை முடிந்துவிட்டது, இனித் தேவையில்லை. அவருடையதில் ‘ஆர்மூகும்’. என்னுடையதில் ‘தில்லையம்பல’ என்பதோடு கட்டம் முடிந்து, ‘நாதன்’ வெளியே நின்றுவிட்டான். இரண்டையும் நாணயத்தோடு போத்தலுக்குள் போட்டோம். தொத்தொரெஸ்ஸா மூடியை இறுக்கித் தந்தார்.

அப்போது நாங்கள் நினைத்தது, இன்னும் இரண்டாயிரம் வருடத்தில் யாரோ எடுப்பார்கள், ‘ரோமர்களில் ஒருவர் தில்லையம்பல’ என்று புத்தகத்தில் படம் போடுவார்கள் என்று. அவ்வளவு காலம் பொறுக்கத் தேவையில்லை போலிருக்கிறது. போன கிழமை வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். வெள்ளைத் தலைக்கவசத்தோடு புது ஆள் ஒருவர் நின்றார். இன்னும் கையை நீட்டத் தொடங்கவில்லை. தோண்ட வந்திருக்கிறவர்கள் வங்காளத்துப் பெடியன்கள். “பெர்மெஸ்ஸோ” என்றான் ஒருவன் எனக்குப் பின்னால், வேலிக் கம்பியைச் சுமந்துகொண்டு. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பிறகு தள்ளி நின்றேன்.

பிள்ளைகளே, உங்களுக்கு இத்தாலியன் எங்களைப் போல இல்லை, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. உங்களில் யாராவது ஒருநாள் வெள்ளைத் தலைக்கவசம் போட்டு அந்தப் பள்ளத்தின் கரையில் நிற்கக்கூடும். நின்றால், ஒரு உதவி செய்யுங்கள். கையை நீட்டுவதற்கு முன்னால் கோப்பையை நீங்களே கீழே வையுங்கள். கோப்ரி என்று சொன்னால், எந்தக் கோப்ரி என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கீழே நிற்கிறவன் சொன்னதை அப்படியே செய்துவிடுவான்.